மண் பூசிய அறை

முற்றத்தில் கிராம்பைப் பரப்பிவிட்டு உள்ளே வந்த லிங்கான், படுக்கையறைக் கதவின் அடி இடுக்கில் ஈரமண் அப்பியிருப்பதைப் பார்த்தாள். உள்ளிருந்து அப்பியது. அழுகிய அத்திப்பழமும் பறவை எச்சமும் கலந்த புளிப்பு வாடை கூடம் முழுக்க நின்றது.

"யோப்பி, உள்ள என்ன பண்றே?"

"காத்து வருது. அடைக்கிறேன்," என்றான் அவள் கணவன்.

போன வாரம் அவன் மலைக்காட்டில் ஓர் ஆண் இருவாச்சிப் பறவையைச் சுட்டுக் கொண்டுவந்திருந்தான். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னைத்தானே மண்ணால் அடைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும். ஆண் கொண்டுவந்து ஊட்டும் பழம்தான் அதற்கு உயிர். ஜோடி செத்த பிறகும் அது பொந்துக்குள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாம். மிளகாய் அரைத்து வதக்கிய ஆண் பறவையின் கறியை யோப்பி தொடவேயில்லை.

மறுநாள் ஜன்னலும் அடைபட்டது. கதவுப் பலகையில் ஒரு விரிசல் மட்டும் மிச்சம். அதன் வழியே அவள் நீட்டிய சோற்றை வெளியே தள்ளினான். அத்திப்பழத்தை மட்டும் உதட்டால் கவ்வி இழுத்துக்கொண்டான்.

கொழுந்தன் ஃபெரி வெட்டுக்கத்தியோடு வந்தான். "அண்ணனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு அண்ணி. நகருங்க, ஒரே போடு!"

கத்தி மண்ணில் இறங்கியதும் உள்ளே யோப்பி அலறினான், தன் சதையிலேயே வெட்டு விழுந்ததுபோல. மண்ணிலிருந்து ரத்தம் கசிந்தது. ஃபெரி கத்தியை அங்கேயே போட்டான். "பாதிரியாரைக் கூட்டியாறேன்" என்று போனவன் திரும்பி வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. தகரக்கூரை இரைச்சலுக்கு அடியில் உள்ளே ஏதோ பிறாண்டும் சத்தம், இறகு உதறும் சத்தம், பிறகு மூச்சு மட்டும். லிங்கான் துணிமணிகளை மூட்டை கட்டினாள். அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். வாசலைத் தாண்டப் போனாள்.

"போகாத லிங்கான்." குரல் கம்மியிருந்தது. "நீ போயிட்டா நாங்க செத்துருவோம்."

நாங்க.

"உள்ள வேற யாரு இருக்கா?"

அவள் கால் நகரவில்லை. கை தானாக ஓர் அத்திப்பழத்தை எடுத்தது. விரிசலருகே குனிந்தாள். இருட்டு. வாடை. வெதுவெதுப்பான மூச்சு.

யோப்பியின் உதடுகள் தெரிந்தன. அவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு இன்னொரு வாய் மேலே வந்தது. சிவந்த குஞ்சு அலகு. தோல் மூடிய கண்கள். தொண்டை வரை திறந்து, அது அவளை நோக்கிப் பசியில் கத்தியது.