இரவல் குரல்

பகலிலேயே அந்த வார்டு இருட்டிக் கிடந்தது. மருந்து நெடியோடு ஈரத்துணி வாடையும் மூக்கில் ஏறியது. டயாலிசிஸ் முடிந்த கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, கல்லூரிப் பையோடு உள்ளே வந்தாள் அந்த மாணவி.

குரல் போகப்போகிறவர்களின் பேச்சை முன்கூட்டியே பதிவுசெய்து, எழுத்தைத் தட்டினால் பேசும் பெட்டியில் ஏற்றித் தரும் தொண்டுக் குழுவில் அவள் இருந்தாள். கல்லூரியில் கேட்டால் உடம்பு சரியில்லை என்பாள். குழுவில் கேட்டால் பரீட்சை என்பாள். பாதி நாள் இரண்டும் உண்மைதான்.

ஜன்னலோரக் கட்டில் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடக்கவிருந்தது; அதன்பின் குரல் இருக்காது. "பாட்டெல்லாம் வேணாம்மா. என் பொண்ணைத் திட்டுற நாலு திட்டைப் பதிஞ்சு வை, போதும்" என்று சிரித்திருந்தார். பதிவுக்குக் குறித்த நாளில், "பரீட்சை அக்கா, நாளைக்கு வரேன்" என்று போனில் சொல்லிவிட்டு அவள் சினிமாவுக்குப் போனாள். ஒரே ஒரு நாள் நோயில்லாதவளாக இருந்து பார்க்க ஆசை.

அன்று இரவே அக்காவுக்கு மூச்சு முட்டி, அவசரமாகத் தொண்டையை அறுத்துவிட்டார்கள். பெட்டியில் இருந்தது, சோதனைக்காக அவள் ஏற்றிவைத்த அவளுடைய குரல். எதைத் தட்டினாலும் அந்தக் குரலில்தான் பேசும். அதன்பிறகு அவள் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இன்றாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

கட்டில் காலியாக இருந்தது.

"காலையிலதான் உயிர் போச்சு" என்றார் நர்ஸ். "கடைசி வரைக்கும் உன் குரல்லதான் பேசினாங்க. அவங்க பொண்ணு, அந்தக் குழந்தை, காதைப் பொத்திக்கிச்சு. இது எங்கம்மா இல்லைன்னு ஒரே அழுகை."

அவமானத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. நர்ஸின் முகத்தைப் பார்க்காமல், கட்டிலோரம் இருந்த பெட்டியை எடுத்து, பேட்டரியைக் கழற்றினாள். நர்ஸ் அடுத்த அறைக்குப் போனார்.

பெட்டியின் திரை மெல்ல ஒளிர்ந்தது.

"தலையை ஒழுங்கா வாருடி. எத்தனை தடவை சொல்றது?"

அவளுடைய குரல். யாரும் எதையும் தட்டவில்லை.

"பல்லு தேய்ச்சியா?"

காலிக் கட்டிலின் மெத்தை, யாரோ உட்கார்ந்ததுபோல் அமுங்கியது.

மன்னிச்சிடுங்க அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். வெறும் காற்றுதான் வந்தது.

பேட்டரி இன்னும் அவள் கையில் இருந்தது.

பெட்டி, அவள் குரலில், நிதானமாகச் சொன்னது.

"பரீட்சை அக்கா. நாளைக்கு வரேன்."