நகப்பூச்சு பூசிய திருகு

பெட்டியின் அடித்தகட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது நகப்பூச்சு வாசனை. இத்தனை பழைய ஃபஸ் பெடலுக்குள் தூசி இருக்கும், ஒழுகிய பேட்டரியின் புளிப்பு இருக்கும், கொடுத்துவைத்திருந்தால் ஒரு செத்த கரப்பானும் இருக்கும். இதிலோ அப்போதுதான் யாரோ புட்டியைத் திறந்து வைத்த மாதிரி வாசனை மூக்கைத் துளைத்தது. அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். சோல்டரிங் அயனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு நகம் மிஞ்சியதே பெரிது, அதில் பூச்சு வேறா.

பெடலைக் காலையில் கொண்டுவந்தவன் சுருட்டை. ஒரு இசைக்குழுவில் கிடார் வாசிப்பவன். பெயர் தலைமுடியால் வந்தது. கிடாரின் நல்ல சத்தத்தை வேண்டுமென்றே கிழித்து, கரகரப்பாக்கி, இழுத்து நீட்டித் தருவதுதான் ஃபஸ் பெடலின் வேலை. நல்லதைக் கெடுப்பதற்கு ஊரில் இத்தனை பேர் அலைகிறார்கள் என்பதை அவள் கணவனால் இன்னும் நம்ப முடியவில்லை. அந்த அலைச்சலில் சுருட்டை எல்லோரையும் மிஞ்சியவன்.

"அக்கா, உள்ள அசல் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். ஆனா தொண்டைய யாரோ புடிச்ச மாதிரி இருக்கு. ஓங்கி அடிச்சா பர்ருனு வருது. மெதுவா தொட்டா ஒண்ணுமே வரல, பட்டுனு அறுந்துடுது."

"பயாஸ் குறைவா இருக்கும், டிரான்சிஸ்டருக்குக் கரண்ட் பத்தல. யாருது இது?"

"ஒரு பெரியவரோடது. அவரு போயிட்டாரு, மகன் தள்ளி விட்டுட்டாரு. இத வாங்கின கொஞ்ச நாள்லயே பெரியவர் வாசிக்கிறதையே விட்டுட்டாராம். ஆனா அப்பப்ப இதைத் திறந்து வச்சுக்கிட்டு ஏதோ பண்ணுவாராம். புது பேட்டரி மட்டும் போடவே விடமாட்டாராம். டிராயர் பூரா செத்த பேட்டரியாம்."

அவள் சிரித்தாள். சாகப்போகிற பேட்டரியில்தான் ஃபஸ் இனிக்கும் என்று சத்தியம் செய்யும் கிறுக்கர்களை அவளுக்குத் தெரியும். சுருட்டையே அவர்களில் ஒருவன்.

"கிறுக்கு புடிச்ச கூட்டம்டா நீங்க. வச்சுட்டுப் போ, சரி பண்ணிடலாம்."

இப்போது அந்தத் திருகைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. டிரான்சிஸ்டருக்குப் போகும் மின்சாரத்தை அளந்துவிடுகிற குட்டித் திருகு அது. கடைக்காரர்கள் ப்ரீசெட் என்பார்கள். சரியாகத் திருப்பி வைத்த பிறகு, மிதிபட்டு நகர்ந்துவிடாமல் இருக்க மேலே ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பது தொழில் வழக்கம். அவளும் வைப்பாள், மகளின் சிவப்புப் புட்டியைக் கடன் வாங்கி. ஒரு சொட்டு போதும். இதில் பூச்சுக்கு மேல் பூச்சு, அதற்கும் மேல் பூச்சு என்று திருகே தெரியாமல் சிவப்பாக வீங்கிக் கிடந்தது. அழுத்திப் பார்த்தாள். விரலில் ஒட்டியது. ஈரம்.

பெரியவரின் மகன் பூசியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. இவ்வளவு அருமையான டிரான்சிஸ்டரைக் கழுத்தை நெரித்து வைத்துவிட்டு, அதற்குப் பூட்டு வேறு போட்டிருக்கிறானே என்று ஆத்திரம்தான் வந்தது. தவறான பயாஸைப் பார்த்தால் அவளுக்குக் கை ஊறும். பிளேடால் பூச்சைச் சுரண்டி எடுத்தாள். புது பேட்டரி போட்டாள். திருகைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினாள்.

கிடாரைச் செருகி ஒரு தந்தியைத் தொட்டதும் சத்தம் மலர்ந்தது. அப்படி ஒரு சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. கனத்து, இழைந்து, அறையைச் சுற்றி வந்தது. இதை ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை முழுதும் ஏற்றிக் கேட்காமல் எப்படி விடுவது?

அதற்குக் கதவை மூட வேண்டும். வீட்டின் சாமான் அறையாக இருந்ததைத்தான் அவள் பட்டறையாக்கியிருந்தாள். சுவர், கூரை, கதவின் உள்பக்கம் எல்லாம் தடித்த நுரைப்பஞ்சு. ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் உள்ளே ராத்திரிதான். கதவை மூடினால் மாடிவீட்டுக்காரருக்கு ஒன்றும் கேட்காது. கதவின் உள்கைப்பிடி கழன்று பல வாரம் ஆகிறது. ஊரார் சாமானெல்லாம் ரிப்பேர் பார்ப்பவளுக்கு அதை மாட்ட நேரமில்லை. ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். சத்தமாகச் சோதிக்க வேண்டுமென்றால் மகள் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து மூடிக்கொள்வாள். வெளியே ஒரு சிவப்பு விளக்கு, அதன் சுவிட்ச் உள்ளே. எரிந்தால் அம்மா வேலையில் இருக்கிறாள். அணைந்தால் வந்து திறக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், வீட்டில் கூப்பிடுவது வாண்டு என்று, இந்த வேலையைப் பெரிய உத்தியோகமாக நினைத்துச் செய்வாள்.

வாண்டு பள்ளி விட்டு வரும் நேரம்தான். சாவி அவளிடம் இருக்கிறது. கணவன் வெளியூர் வேலையில். ஃபோன் பக்கத்தில் இருந்தால் ஃபஸ்ஸில் டிக்டிக்கென்று இரைச்சல் வரும் என்பதால் அது எப்போதும் போல அடுப்படியில். கொஞ்ச நேரம்தானே. செங்கல்லைக் காலால் தள்ளினாள். கதவு மெத்தென்று மூடிக்கொண்டது. சிவப்பு விளக்கைப் போட்டாள்.

ஒரு தந்தியை மீட்டினாள். சத்தம் எழுந்து, நின்று, நீண்டு, மெல்ல மெல்ல இறங்கி, முழுதும் அடங்கவேண்டிய இடத்தில் அடங்காமல், ஸ்பீக்கரின் அடியில் ஒரு முனகலாகத் தங்கியது. தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்தாள். முனகல் போகவில்லை. அதற்குப் பின்னால் வேறு ஏதோ இருந்தது. தொம். தொம். தொம். துணி சுற்றிய கையால் யாரோ தட்டுவது போல, அவசரமில்லாமல், அலுத்துப்போனவர் தட்டுவது போல.

வெறும் இரைச்சல் என்று வாய்விட்டே சொன்னாள். ஃபஸ் பெடல் ரேடியோ பிடிப்பது புதிதல்ல. ரேடியோ உள்ளே வராதபடி அடித்தகட்டை மேலே வைத்து மூடிப் பார்த்தாள். தொம். தொம். கிடாரில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் தளர்ந்திருந்தால் அறைச் சத்தத்தை இழுக்கும். கிடாரைச் சுண்டிப் பார்த்தாள். அது வேறு சத்தம். என்ன எழவு என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் விட முடியாது. இரைச்சலைக் கண்டுபிடிக்க அதைப் பெரிதாக்கிக் கேட்பாள், தொழில் அப்படி. தகட்டை எடுத்துவிட்டுத் திருகை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினாள்.

ஒரு ஆண் குரல் வந்தது. கத்திக் கத்தி ஓய்ந்துபோன குரல்.

"யாரு... யாரு திருப்புறது? நிறுத்திடாதீங்க. இன்னும் கொஞ்சம். புண்ணியமாப் போகும்."

அவள் கையைத் திருகிலிருந்து எடுத்தாள். ரேடியோ நாடகம், வேறென்ன. ஆனால் அந்தக் கெஞ்சலில் இருந்தது நடிப்பில்லை. பெற்ற மனம் எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்? பயந்துகொண்டேதான், பரிதாபப்பட்டுக்கொண்டேதான், கடைசி வரை திருப்பினாள்.

தட்டுவது நின்றது. ஸ்பீக்கரில் ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு மெத்தென்று திறக்கும் சத்தம். பிறகு ஒரு நீண்ட மூச்சு.

"அப்பாடா."

அந்தச் சொல் ஆண் குரலில் தொடங்கியது. அவளுடைய சொந்தக் குரலில் முடிந்தது.

காலடிச் சத்தம் விலகிப் போயிற்று. அவள் கேபிளைப் பிடுங்கினாள். பெடலில் கேபிளைப் பிடுங்கினால் பேட்டரியின் இணைப்பே அறுந்துவிடும், எல்லாச் சத்தமும் நிற்க வேண்டும். நிற்கவில்லை. பேட்டரியைக் கழற்றினாள். ஆம்ப்பின் ப்ளக்கைச் சுவரிலிருந்து உருவினாள். ஆம்ப்பின் விளக்கு அணைந்தது. ஸ்பீக்கரில் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வீட்டு அடுப்படிக் குழாய். வாஷர் மாற்ற வேண்டும் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த அதே குழாய், அதே சொட்டு. யாரோ அதை இறுக்கி மூடினார்கள். பாத்திரம் நகர்ந்தது. அவள் செருப்பு தேய்கிற மாதிரியே ஒரு செருப்பு கூடத்தில் தேய்ந்து நடந்தது. வீட்டைச் சுற்றிப் பார்க்கிற நடை. ஒவ்வொரு அறைக்குள்ளும் போய், கொஞ்சம் நின்று, அடுத்த அறைக்கு.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். கைப்பிடி இருந்த ஓட்டையில் குறடு ஒன்றைச் செருகித் திருகினாள். குறடு வெறுமனே சுற்றியது. எதிலும் பிடிக்கவில்லை. நுரைப்பஞ்சைப் பிய்த்தாள். அதற்குப் பின்னால் பலகை இல்லை. இன்னும் நுரைப்பஞ்சு. பிய்த்தாள். இன்னும். கை முழங்கைவரை உள்ளே போயிற்று. கதவு எங்கே?

முஷ்டியால் குத்தினாள்.

தொம். தொம். தொம்.

அந்தச் சத்தத்தை அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள்.

வாண்டு வந்துவிடுவாள். அது ஒன்றுதான் நினைப்பு. தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், அந்தக் குழந்தை வெளியே இருக்கிற அதனிடம் போய் நிற்கக் கூடாது. சுவிட்சைத் தட்டிச் சிவப்பு விளக்கை அணைத்தாள். விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்தால் பிள்ளை நேரே இங்கேதான் வரும். இங்கேதான் வரவேண்டும். கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள்.

ஸ்பீக்கரில் வாசல் பூட்டு திறந்தது. புத்தகப்பை தரையில் விழுந்தது.

"அம்மா, வந்துட்டேன்! லைட் ஆஃப் ஆயிருக்கு, நான் திறக்கறேன்!"

"வாண்டு! ஓடு! வெளிய ஓடிடு!"

குட்டிக் கால்கள் ஓடி வந்தன. தாழ்ப்பாள் விலகியது. ஸ்பீக்கரில். அவள் முன்னால் இருந்த பஞ்சு அசையவில்லை.

"அம்மா? உள்ள யாரும் இல்லயே."

"இங்க இருக்கேன் கண்ணு."

அவள் குரல். கொஞ்சம்கூடப் பிசகாத அவள் குரல். வாண்டுவின் தலையைக் கோதும்போது மட்டும் வருகிற குழைவுகூட அதில் இருந்தது.

"அம்மா, இந்தப் பெட்டிக்குள்ள யாரோ கத்துற மாதிரி இருக்கும்மா. என்னைக் கூப்பிடற மாதிரி."

"வாண்டு! அது அம்மா இல்லடி! நான்தான்டி! இங்க பாரு!"

"அது வெறும் இரைச்சல்டா. பயாஸ் ஜாஸ்தியாயிடுச்சு. கொஞ்சம் குறைச்சா போயிடும்."

நாற்காலி இழுபடும் சத்தம். அவள் பக்கத்தில் இருந்த நாற்காலி நகரவில்லை. மேஜைமேல், திறந்து கிடந்த பெடலுக்குள், திருகு நகர்ந்தது. யார் கையும் படாமல் இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. அவள் பாய்ந்து ஸ்க்ரூடிரைவரைத் திருகில் வைத்து இரு கையாலும் பிடித்தாள். ஸ்க்ரூடிரைவர் அவள் பிடிக்குள்ளேயே சுழன்றது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. விடவில்லை. சுழன்றது.

"வாண்டு, அம்மாடா, அம்ம..."

குரல் கரகரத்தது. ஓங்கிக் கத்தினால்தான் வந்தது. பர்ர். கிழிசலாய். மெதுவாகச் சொன்னது அறுந்தது. ஓங்கிக் கத்தினாள். பாதி. இன்னும் ஓங்கி. துணுக்கு. பட்டென்று ஒன்றுமில்லை. வாய் திறந்திருந்தது. தொண்டை நரம்பு புடைத்திருந்தது. அவள் காதுக்கே கேட்கவில்லை.

வாண்டுவின் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"அட, நின்னுடுச்சும்மா!"

"சொன்னேன்ல. உன் நெயில் பாலிஷ எடுத்துட்டு வா, ஓடு."

"இதோ!"

ஓடும் சத்தம். டிராயர் திறக்கும் சத்தம். ஓடி வரும் சத்தம்.

"இந்தாம்மா. நானே வைக்கட்டா?"

"வை, என் தங்கம். நிறைய வை."

வாசனை அறையை நிறைத்தது. மேலே ஒன்றுமில்லை, கையும் இல்லை, தூரிகையும் இல்லை. திருகின் தலையில் ஒரு சிவப்புச் சொட்டு வந்து விழுந்தது. ஈரமாய் மின்னியது. அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று.