வலதுக்குப் போட்ட சிக்னல்

முன்னால் போன பழைய காரின் இடது பக்கச் சிவப்பு விளக்கு மங்கலாக மினுக் மினுக்கென்று அடித்தது. இடது பக்கம் திரும்பப் போகிறான் என்று வலது ஓரமாக ஸ்கூட்டரை முறுக்கினாள் அவள். கார் வலது பக்கம் திரும்பியது.

அடுத்த நொடி சேற்றில் கிடந்தாள்... மேலே மழை, கீழே ஸ்கூட்டர்.

காரிலிருந்து ஒருவன் குதித்து ஓடி வந்தான். வந்தவன் வண்டியில் கீறல் விழுந்ததா என்று பார்க்கவில்லை. ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான். மழைத்தண்ணீர் வழிந்த அந்தக் கண்கள்... உயிர் ஒரு தடவை போய்த் திரும்பி வந்தவனுடைய கண்கள். விழுந்தது நானா இவனா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

முழங்கையில் கொஞ்சம் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"இடதுக்கு லைட்டப் போட்டுட்டு வலதுக்குத் திரும்புறீங்களே, வண்டி ஓட்ட எங்க கத்துக்கிட்டீங்க?"

"வலதுக்குத்தாங்க போட்டேன்..."

"அப்ப என் கண்ணுலதான் கோளாறா?"

"கண்ணெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. காது மடல் சிவந்துபோயிற்று. அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

அவனைக் காருக்குள் உட்காரவைத்து மறுபடி சிக்னல் போடச் சொன்னாள். ஸ்டியரிங் பக்கத்துச் சிக்னல் கம்பி வலது பக்கம்தான் தள்ளியிருந்தது. பின்னால் வந்து பார்த்தால் வலது விளக்கு செத்துக் கிடக்க, இடது விளக்கு துடித்தது. அவன் பொய் சொல்லவில்லை. கார் வயரிங்தான் அவள் பிழைப்பு. மெக்கானிக் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இல்லை, 'கரண்டு' என்றால்தான் தெரியும். காலையில் கடைக்குக் கொண்டுவரச் சொன்னாள். அதுவரை கையை வெளியே நீட்டித் திரும்பச் சொன்னாள். வீடு வரை அவன் கையை நீட்டிக்கொண்டே போயிருப்பான் என்று நினைத்தபோது, இரவெல்லாம் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது...

காலை வெளிச்சத்தில் காரைப் பார்த்து அசந்துபோனாள். கருநீலம். கதவில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். யார் அடித்த பெயிண்ட் என்று கேட்டாள். நான்தான் என்றான். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் அவன் தொழிலாம். நகக்கண்ணில் நேற்றைய நீலம் இன்னும் இருந்தது.

பல்பைக் கழற்றிப் பார்த்தாள், நன்றாக இருந்தது. டெஸ்ட் லேம்ப்பை வைத்தாள், வயரில் கரண்ட் ஒழுங்காக வந்தது. அப்படியென்றால் வருகிற வழியில் பழுதில்லை, திரும்பிப் போகிற வழியில்தான். விளக்குக் கூட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூ வழியாகத்தான் கரண்ட் வண்டியின் இரும்புக்குள் இறங்க வேண்டும். அங்கே அடைத்துக்கொண்டால், அது பக்கத்து வயருக்குள் புகுந்து எதிர்ப்பக்க விளக்கில் போய் வெளியேறும். கூட்டைக் கழற்றினாள். அடியில் இரும்பே தெரியவில்லை. கண்ணாடி மாதிரி பெயிண்ட்.

அவன் பெருமையாகச் சொன்னான். "மத்தவங்க லைட்டச் சுத்தி டேப் ஒட்டிட்டு அடிப்பாங்க. நான் அப்படி இல்லைங்க. எல்லாத்தையும் கழட்டிட்டு ஸ்குரூ ஓட்டை வரைக்கும் அடிப்பேன்."

"அதான் வினை. சுரண்டணும், பெயிண்டர் சார்."

பிள்ளையின் காதைக் குத்தச் சொன்ன மாதிரி முகம் சுருங்கினான். அவள் உப்புத்தாளை அவன் கையிலேயே கொடுத்தாள். மனசில்லாமல் தேய்த்தான். நீலம் போய், சாம்பல் போய், இரும்பு பளிச்சென்று தெரிந்தது. கூட்டை வைத்து முறுக்கினாள். வலது விளக்கு பிரமாதமாக அடித்தது.

எப்படி என்று கேட்கச் சிரித்தபடி திரும்பினாள். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"மொதத் தடவையும் இப்படித்தாங்க அடிச்சேன்..."

துண்டு துண்டாகத்தான் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவன் புதிதாகப் பெயிண்ட் அடித்துக் கொடுத்த இதே காரை அவனுடைய அண்ணன் ஓட்டிப் போயிருக்கிறான். பின்சீட்டில் அம்மா. வலது பக்கம் திரும்பும்போது பின்னால் வந்த லாரி இடித்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது ஊன்றுகோல். வலதுக்குத்தான் சிக்னல் போட்டேன் என்று அண்ணன் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தானாம். இடது பக்கம்தான் அடித்தது என்றார் லாரிக்காரர். அண்ணன் பேச்சை ஒருவரும் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் சட்டை கிழியப் பிடித்து, அம்மாவைக் கொல்லப் பார்த்தாயா என்று கேட்டவன் இவன்தான். அன்று வீட்டை விட்டுப் போன அண்ணன் ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறான். அதற்குப் பிறகு முடங்கிக் கிடந்த காரின் நசுங்கலைப் போன வாரம்தான் இவனே எடுத்து, மறுபடி அதே மாதிரி... ஸ்குரூ ஓட்டை வரைக்கும் பெயிண்ட் அடித்திருக்கிறான்.

அவள் முழங்கைச் சிராய்ப்பைத் தடவிப் பார்த்தாள். நேற்று பின்னால் வந்தது ஸ்கூட்டராக இருந்ததால் போயிற்று...

ஆறுதலாக என்ன சொல்லலாம் என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் எழுந்தான். கண்ணைப் பார்க்காமல் பேசினான்.

"இத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அம்மாவுக்கு இப்ப நான் ஒருத்தன்தான் புள்ள."

சுரீரென்றது அவளுக்கு. இவனையா நினைத்து இரவெல்லாம் சிரித்தேன்...

"வண்டிய எடுத்துட்டுப் போங்க. இந்தத் தெருப்பக்கமே வராதீங்க."

போனான். அவள் வேலையைப் பார்த்தாள். வயரை உரித்தாள், சுற்றினாள், எதிர்க்கடைக்காரரிடம் எரிந்து விழுந்தாள். ஆனால் தெருவில் எந்தக் கார் திரும்பினாலும் தலை தானாக நிமிர்ந்தது. சீ, மானங்கெட்ட தலை...

ஒரு மத்தியானம் மழை கொட்டும்போது வந்து நின்றான். தாடி, தூங்காத கண்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. உதவி கேட்டான். தான் போய்ச் சொன்னால் சமாதானத்துக்காகக் கதை கட்டுகிறான் என்று அண்ணன் நினைப்பானாம். அவள் வந்து கண்ணால் பார்க்கவைக்க வேண்டுமாம். காருக்குள் அம்மா உட்கார்ந்திருந்தார், எங்கே போகிறோம் என்று தெரியாமல்.

அவள் கடையைச் சாத்தினாள்.

கிடங்கு வாசலில் அண்ணன் வந்து நின்றான். தோளெல்லாம் சாக்குத் தூசி. காரைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனான். அவள்தான் விளக்குக் கூட்டை நெகிழ்த்தி, சுரண்டிய இடத்தில் பெயிண்டுக்குப் பதிலாக ஒரு காகிதத்தைச் செருகி, ஸ்குரூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணனையே உள்ளே உட்கார்ந்து வலதுக்குச் சிக்னல் போடச் சொன்னாள். போட்டுவிட்டு இறங்கி வந்தான். இடது விளக்கு அடித்தது. அப்போதுதான் பெயிண்டர் வாயைத் திறந்தான். தன் பெயிண்டால் வந்த வினை என்று, ஒரு சொல்லையும் முழுங்காமல் சொன்னான்.

அண்ணன் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பியை அடிக்கப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"நானே என்னைய நம்பலடா..." என்றான் அண்ணன். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தப்பாத்தான் போட்டுட்டேன் போலன்னு... என் கையவே நான் நம்பாம விட்டுட்டேன்."

அம்மா இறங்கி, ஊன்றுகோலைப் போட்டுவிட்டுக் காரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். மூத்தவன் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தார். "மொத அடி எனக்குப் போடுடா. பெத்தவ நானும்தான நம்பல."

அந்தக் கை அடிக்கவில்லை. அந்தக் கன்னத்தை விட்டு எடுபடவும் இல்லை.

தம்பியைப் பார்க்காமலே அண்ணன் கேட்டான். "இதக் கண்டுபிடிச்சது யாரு?"

"இவங்கதான்." பெயிண்டர் அவளைக் காட்டினான். "இவங்க வெரட்டலன்னா நான் கடைசி வரைக்கும் வந்திருக்க மாட்டேண்ணே. கட்டுனா இவங்களத்தான் கட்டணும்னு இருக்கேன்... இன்னும் அவங்ககிட்ட கேக்கல."

எத்தனையோ வண்டியில் அவளுக்கு ஷாக் அடித்திருக்கிறது... இப்படி அடித்ததில்லை. கையில் கிரீஸ், புடவையில் சேறு, எதிரே அழுதுகொண்டிருக்கும் ஒரு குடும்பம்.

அண்ணன் இப்போதுதான் அவளைப் பார்த்தான். "இவன் முன்கோபிம்மா. யோசிச்சுக்க. என் சட்டைல இவன் கிழிச்சது இன்னும் தைக்காமத்தான் கெடக்கு."

"குடுங்கண்ணே... நான் தச்சுத் தர்றேன்" என்றாள் அவள், தலை குனிந்து.