திருகோணமலையில் இறக்கிவிடப்பட்ட இருவர்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மாடி அறைக்குள் வித்யாலக்ஷ்மி நுழைந்தபோது, அவள் கால்களில் இருந்தவை ஒரே ஜோடிச் செருப்பு அல்ல. அதை முதலில் கவனித்தவர் சாமிதுரை. முப்பத்தாறு வருஷம் தபால்காரராக இருந்தவர். வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

"நஜ்மாம்மா, அவசரக் கேஸு" என்று மெதுவாகச் சொன்னார்.

நஜ்மா அதிராம்பட்டினத்துக்காரர். பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களை நிரப்பித் தருவது அவர் தொழில். காகிதம் காணாமல் போனாலும், காகிதத்தில் தப்பு நேர்ந்தாலும், போலீசுக்குப் போவதற்கு முன் ஊர் அவரிடம்தான் வரும். சாமிதுரை கூடவே இருப்பார், சம்பளம் இல்லாமல், ஆர்வத்தினால்.

"உட்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க" என்றார் நஜ்மா.

"எங்கம்மா மாட்டிண்டிருக்கா" என்றாள் வித்யா. தண்ணீரைத் தொடவில்லை.

அவளுடைய அப்பாவின் பெயர் கல்யாணம்; வயது அறுபத்தெட்டு. மூன்று வருஷமாக நினைவு தப்பி வருகிறது. யாரையும் அடையாளம் தெரியாது; மனைவி மதுரத்தின் குரல் மட்டும் தெரியும். கடலைப் பார்க்க வேண்டும் என்று அடிக்கடி கேட்டதால், மதுரம் அவரை ஒரு சுற்றுலாக் கப்பலில் அழைத்துப் போனார். சென்னையில் கிளம்பி, மூன்று நாள் கடலில் சுற்றிவிட்டு, எங்கும் நிற்காமல் சென்னைக்கே திரும்பும் கப்பல். இரண்டாம் நாள் கல்யாணத்துக்கு மாரடைப்பு. கப்பல் வழி மாறி, இருவரையும் திருகோணமலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

"நாளைக்கு மத்யானம் மருத்துவ விமானம் ஏற்பாடு பண்ணியிருக்கோம். கூட ஒருத்தர் போகலாம். அம்மாவைத் தவிர யார் தொட்டாலும் அப்பா ஊசியைப் பிடுங்கிப் போடறார். அவர் பாஸ்போர்ட் சரியா இருக்கு. அம்மாவோடது ரத்தான பழைய புஸ்தகம். அம்மாவை விமானத்துல ஏத்த மாட்டேங்கறாங்க."

"அந்தக் கப்பலுக்கு ஆதாரே போதுமே?" என்றார் சாமிதுரை.

"அதுதான் சிக்கலே, அண்ணே" என்றார் நஜ்மா. இப்படி ஒன்றை விளக்கும்போது அவர் முகமே மாறிவிடும். "ஆதார் நம்ம நாட்டுக்குள்ள நீங்க யாருன்னு சொல்லும். கரை தாண்டிட்டா வெறும் அட்டை. கப்பல் திரும்பி வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. நோயோ, புயலோ, இயந்திரக் கோளாறோ, வேற நாட்டுல இறங்கினா, திரும்பி வர்ற கதவுக்குப் பாஸ்போர்ட்தான் சாவி. அதனாலதான் கேக்காட்டியும் கொண்டு போங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது. தூதரகத்துல அவசரச் சான்று தருவாங்க. ஆனா இன்னைக்குச் சனிக்கிழமை. விசாரிச்சுக் கையில குடுக்க செவ்வாய் ஆயிடும்."

"அம்மா புதுசைத்தான் எடுத்தேன்னு சத்தியம் பண்றா. யாரோ மாத்தியிருக்கா" என்றாள் வித்யா. குரல் தாழ்ந்தது. "பையைக் கார்ல ஏத்தினது எங்கண்ணா ஹரிசங்கர். போக வேண்டாம்னு சண்டை போட்டவனும் அவன்தான். அன்னிக்கு வீட்ல இருந்த இன்னொருத்தர், வேலை செய்யற அம்சம்."

திருகோணமலையிலிருந்து மதுரம் அனுப்பிய படத்தை நஜ்மா பெரிதாக்கிப் பார்த்தார். பிளாஸ்டிக் உறைக்குள் செருகியிருந்த நீலப் புத்தகம். ரத்தானதற்கு அடையாளமாக வெட்டப்பட்ட மூலை உறையின் மடிப்புக்குள் மறைந்திருந்தது. உள் அட்டையில் பழுப்பேறிய மஞ்சள் கறை ஒன்று.

"புதுசு தபால்ல வந்த தேதி தெரியுமா?"

வித்யா பழைய குறுஞ்செய்தியைத் தேடி எடுத்தாள். போன வருஷம் பிப்ரவரி பதினான்கு.

மேல வீதியில் இருந்த மதுரத்தின் வீட்டில் எல்லாமே தலைகீழாகக் கிடந்தன. பீரோவில் இருந்த புடவைகள் கட்டிலில். சமையலறை டப்பாக்கள் தரையில். கூடத்தில் ஹரிசங்கர் ஒரு மூலையிலும் அம்சம் எதிர் மூலையிலும் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே சுவரில் மாலை போட்ட படம் ஒன்று: கல்யாணத்தின் தம்பி, மறைவு போன வருஷம் பிப்ரவரி பதினொன்று.

"கப்பலே வேண்டாம்னு சொன்னேன். அதுக்காக அம்மா பாஸ்போர்ட்டையா மாத்துவேன்? போடி லூசு!" என்றான் ஹரிசங்கர் தங்கையிடம். "இலங்கை அனுமதி காலையிலயே வாங்கிட்டேன். மூன்றரை மணி விமானத்துக்குத் திருச்சியில டிக்கெட்டும் போட்டாச்சு. கொண்டு போகத்தான் ஒண்ணும் இல்லை."

"பதினெட்டு வருஷமா இந்த வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன்" என்றார் அம்சம். "பாப்பா என்னைப் பார்த்து எடுத்தியான்னு கேட்டுட்டா. இனிமே நான் என்னத்தச் சொல்றது?"

சாமிதுரை நாற்காலி மேல் ஏறிப் பரணை ஆராய்ந்தார். பித்தளை அண்டா, உடைந்த மின்விசிறி, வெள்ளை வேட்டித் துணியில் கட்டிய ஒரு மூட்டை.

"அதை விட்டுடுங்கோ மாமா" என்றாள் வித்யா சட்டென்று. "சித்தப்பா இங்கேதான் போனார். அந்தக் காரியத்துக் காகிதமெல்லாம் அதுல இருக்கு. அதை யாரும் பிரிக்கறதில்லை."

சாமிதுரை கையை இழுத்துக்கொண்டார். நஜ்மா மட்டும் மூட்டையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மதுரத்தை வீடியோவில் அழைக்கச் சொன்னார்.

திரையில் மதுரத்தின் முகம் வாடியிருந்தது. பின்னால் ஒரு திரைச்சீலை, அதற்கு அப்பால் கல்யாணத்தின் முனகல்.

"மாமி, ரெண்டு புஸ்தகத்துல எது புதுசுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மூக்குக்கண்ணாடி பைக்கு அடியில போயிடுத்து, எழுத்து தெரியலை. மஞ்சளைப் பார்த்துத்தான் எடுத்தேன். எங்காத்துல எது புதுசா வந்தாலும் மஞ்சள் தடவி, சுவாமி அலமாரியில வெச்சு எடுப்போம். வந்த அன்னிக்கே தடவினேனே! அவரோடதும் அதே அலமாரியில, பக்கத்துலயே இருந்தது."

"வந்த அன்னிக்கேவா?"

"வேற எப்போ?" என்றார் மதுரம். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிடும் சத்தம் கேட்டது. "இதோ வந்துட்டேன்னா!" என்று அவர் ஓடினார்.

நஜ்மா போனைக் கவிழ்த்து வைத்தார். சாமிதுரைக்கு அந்த நிதானம் தெரியும். ஏதோ பிடிபட்டுவிட்டது.

"சொல்லிடுங்க நஜ்மாம்மா. அண்ணனா, அம்சமா?"

"யாரும் மாத்தல. யோசிச்சுப் பாருங்க. கப்பல்ல யாருமே கேக்காத பாஸ்போர்ட். அதை மாத்தி யாருக்கு என்ன லாபம்? நடுக்கடல்ல மாரடைப்பு வரும்னு யாராலயும் முன்னாடியே கணக்குப் போட முடியாது. மாமி எடுத்ததே பழைய புஸ்தகம்தான்."

"அதுல மஞ்சள் இருந்துதே!" என்றாள் வித்யா.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி அதுவும் புதுசா வந்ததுதானே? அன்னைக்குத் தடவின மஞ்சள், பழுத்துப் போயிருக்கு. அண்ணே, நீங்க தபால்காரர். பாஸ்போர்ட்டை யார்கிட்ட குடுப்பீங்க?"

"உரியவர் கையில மட்டும். கையெழுத்து வாங்கிக்கிட்டு."

"பிப்ரவரி பதினாலு, மாமி தன் கையால வாங்கியிருக்காங்க. கொழுந்தன் இறந்தது பதினொண்ணு. இந்த வீட்டு வழக்கத்துல எத்தனை நாள் தீட்டு?"

"பத்து" என்றான் ஹரிசங்கர். சொல்லிவிட்டு அப்படியே நின்றான்.

"பத்து நாளும் சுவாமி அலமாரிப் பக்கமே போக மாட்டீங்க. அன்னைக்கு மாமி மஞ்சள் தடவியிருக்கவே முடியாது. ஆனா ஆயுசு முழுக்கச் செஞ்ச பழக்கம், இதையும் செஞ்சதாவே அவங்க மனசுல பதிஞ்சிருக்கு. அப்போ பிரிக்காத அந்த உறை எங்கே போச்சு?" நஜ்மா திரும்பினார். "அம்சம், நான் உங்களைத் திருடினீங்களான்னு கேக்கல. பதினோராம் நாள் வீடு கழுவினப்போ, வாசல் அறையில கிடந்த காகிதத்தையெல்லாம் என்ன பண்ணீங்க?"

அம்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புரோகிதர் குடுத்த சீட்டு, ஆஸ்பத்திரிக் காகிதம், ரெண்டு மூணு தபாலு, எல்லாத்தையும் அள்ளி ஒரே மூட்டையாக் கட்டினேன். எனக்குப் படிக்கவா தெரியும்? மாமிதான் கண்ணுல படாம மேல போடுன்னாங்க."

பரணிலிருந்து மூட்டையை இறக்கியவர் சாமிதுரை. முடிச்சை அவிழ்க்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் ஹரிசங்கர் தரையில் உட்கார்ந்து, சித்தப்பாவின் பெயர் எழுதிய காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தான். ஆறாவதாக வந்தது விரைவுத் தபால் உறை. ஒட்டிய பசை அப்படியே இருந்தது. கிழித்தான். கறையே இல்லாத நீலப் புத்தகத்தில் அம்மாவின் முகம்.

மணி பதினொன்றரை. திருச்சிக்கு ஒரு மணி நேரம் போதும்.

ஹரிசங்கர் கிளம்பும் முன் தங்கையின் தலையில் ஒரு குட்டு வைத்தான். வித்யா அம்சத்தின் எதிரில் போய் நின்றாள்.

"போ பாப்பா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அம்சம். "காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல."

மறுநாள் மதியம் ஒன்றேகாலுக்கு நஜ்மாவின் போனுக்கு மதுரத்தின் குரல்பதிவு வந்தது. சாமிதுரை காதைக் கிட்டே கொண்டுபோனார். இரைச்சலுக்கு நடுவே சில வார்த்தைகள்தான் தெளிவாகக் கேட்டன.

"ஏறிட்டோம்மா. என் கையை விடாம பிடிச்சிண்டிருக்கார். இந்த பஸ் தஞ்சாவூர் எப்போ போகும்னு கேட்டார். இதோ, வண்டியை எடுத்துட்டான்னு சொல்லிண்டிருக்கேன்."