மூடிய இடது இருக்கை

அவள் கட்டைவிரலால் அழுத்திப் பொருத்திய கார் உறையின் பிரஸ் பட்டன், கையை எடுத்ததும் 'டிக்' என்று கழன்றது. வாசலில் டாக்ஸி நிற்கிற சத்தம். காரை வாங்க வருகிற பல் டாக்டர். அவசர அவசரமாக மறுபடி அழுத்தினாள். இப்போது அதற்கு அடுத்த பட்டன் கழன்றது.

"வெயில்ல ரெக்சின் சுருங்கியிருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கார் நிற்கிற ஷெட்டில் வெயிலே விழுவதில்லை.

இங்கிலாந்தில் செய்த, கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார். பாட்டில் பச்சை, நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், இரண்டே இருக்கை. தனியாகப் போகும்போது பக்கத்து இருக்கையில் தூசி விழாமலிருக்க, நடுவே ஜிப் வைத்த உறை உண்டு. ஓட்டுகிறவர் பக்கம் திறந்திருக்கும்; இடது பக்கம் மேளத்தோல் மாதிரி இழுத்து மூடியிருக்கும். அவள் கணவன் எப்போதும் அப்படித்தான் ஓட்டுவான். போன கோடையிலும் ஒருநாள் அப்படித்தான் போனான், ஊரைத் தாண்டி வெகுதூரம், சீட்டியடித்துக்கொண்டு. திரும்பி வந்து, "வாண்டு எங்கே?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் ஷெட்டுக்கு ஓடியிருந்தாள்.

உறைக்கடியில், கால் வைக்கிற பள்ளத்தில், மகள் சுருண்டு கிடந்தாள். தரைத்தகட்டின் ஓட்டை வழியாக எஞ்சின் புகை ஏறியிருந்தது.

"குழந்தை விளையாட்டுக்கு ஒளிஞ்சிருக்கு. உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார்கள் எல்லோரும். "ஓட்டினது நான்தானே," என்றான் அவன். போன வாரம் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருந்தான். அவள்தான் இழுத்து வெளியே போட்டாள். இந்தக் கார் இன்று போயாக வேண்டும். இல்லாவிட்டால் அவன் போய்விடுவான்.

டாக்டர் வழுக்கையைத் தடவிக்கொண்டே காரைச் சுற்றி வந்தார். "இதுல போனா காத்துல முடி கலைஞ்சிடும்னு வீட்டுக்காரி வேண்டாங்கிறா மேடம். எனக்கென்ன வந்தது, சொல்லுங்க."

அவள் சிரிக்க முயன்றாள். மூலையில் நின்ற கணவன் அசையவில்லை. ஹேங்கரில் மாட்டியது மாதிரி அவன்மேல் சட்டை தொங்கியது.

"உள்ள பாத்துடலாமா?" டாக்டரின் கை இடதுபக்க உறைக்குப் போனது.

"வேண்டாம்." கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டாள். "முதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்."

"அதுவும் சரிதான். வண்டியும் பல்லும் ஒண்ணு. ஆட்டிப் பாத்தாதான் தெரியும்."

சாவி திரும்பியது. பெட்ரோலும் பழைய தோலும் சூடேறிய எண்ணெயும் கலந்த நெடி குபுக்கென்று எழுந்து ஷெட்டை நிறைக்க, அதற்கெல்லாம் அடியிலிருந்து, மெல்ல மெல்ல, மகளின் ஆரஞ்சு மிட்டாய் வாசனை அவளைத் தேடிக்கொண்டு வந்தது. உறை லேசாக எழுந்தது. தாழ்ந்தது. எஞ்சின் அதிர்வு. அதிர்வுதான்.

மறுபடி எழுந்தது. மூச்சு விடுகிற வேகத்தில்.

டாக்டர் குனிந்து கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

டிக்.

கணவன் நிமிர்ந்தான். நடந்து வந்தான். இடதுபக்கக் கதவருகே மண்டியிட்டான். அவன் முகத்துக்கு நேரே உறை உருண்டையாகப் புடைத்தது. ஒரு சின்னத் தலையின் அளவுக்கு.

'என்னங்க, வேண்டாம், வந்துடுங்க.' வாய்தான் அசைந்தது.

பட்டன் கழன்ற இடுக்கில் ஒரு விரல் நுனி. புகை படிந்த குட்டி நகம்.

பிறகு குரல். குசுகுசுவென்று. சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அம்மா, அன்னிக்கு மாதிரியே வெளியேர்ந்து எல்லாப் பட்டனும் போட்டுடும்மா. பாதி வழியில பயமுறுத்தலாம், அதுவரைக்கும் அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு நீதானே சொன்னே?"

கணவன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். அவனோடு சேர்ந்து, உறைக்கடியில் அந்தச் சின்னத் தலையும் திரும்பியது.