நடுவில் ஒட்டிய தாள்

கார் ஷெட் தரையில் ஒரு நாள் முழுக்க ஒட்டிக் கிடந்த ஐந்து பிளாஸ்டிக் தாள்களில் மூலைக்கு ஒன்றாக இருந்த நான்கும் காய்ந்திருந்தன. நடுவில் இருந்த தாளின் அடியில் மட்டும், ஒரு சின்ன உள்ளங்கை அளவுக்கு, வெள்ளையாக ஆவி படிந்திருந்தது.

பெயின்ட் கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். தாளுக்கு அடியில் ஈரம் தெரிந்தால் தரை இன்னும் தயாராகவில்லை, பூசக் கூடாது. “முகம் கழுவாத கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் போட்ட மாதிரி ஆயிடும் சார். மேடை ஏறுறதுக்குள்ள உதிர்ந்துடும்.” அவன் சிரிக்கவில்லை. எட்டு மாதமாக அவனிடம் யாரும் வேடிக்கையாகப் பேசுவதில்லை. கடைக்காரருக்கு விஷயம் தெரியாது போலும்.

தெருவுக்கே தெரிந்த விஷயம். அவசரத்தில் அவன் இந்த ஷெட்டிலிருந்து காரைப் பின்னால் எடுத்தபோது மூன்று வயது மகன் பின்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தான். காரை மறுவாரமே விற்றாயிற்று. கறையை என்ன செய்வது? மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தக் கறை மறையும்வரை இந்த வாசலை மிதிப்பதில்லை என்றவள், போன வாரம்தான் மனம் இறங்கினாள். தரையைச் சரிசெய்தால் வந்து பார்க்கிறாளாம். இன்று மாலை ஐந்து மணிக்கு.

அவனும் தன் கையாலேயே செய்தான். கம்பி பிரஷால் முழங்கால் தோல் உரியத் தேய்த்து, ஆசிட் ஊற்றி, தரை நுரைத்துப் புகைவதை இருமிக்கொண்டே பார்த்து நின்று, நான்கு முறை கழுவி, விரிசல்களைப் பூசி அடைத்து, மூன்று நாள் காயவிட்டு, கடைசியாகத் தாளும் ஒட்டினான். நடுவில் இருந்த கறை மட்டும் முழுதாகப் போகவில்லை.

இப்போது அதை உரித்து, தரையைத் துணியால் ஒற்றி, புதுத்தாள் ஒட்டினான். பக்கத்திலேயே மண்டியிட்டான்.

ஆவி படிந்தது. விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது.

காற்றாக இருக்கும் என்று ஷட்டரை இறக்கினான். நிற்கவில்லை. குனிந்து முகத்தைத் தரையோடு வைத்தபோது, தொண்டையைக் கமறவைக்கும் ஆசிட் நெடிக்கு அடியிலிருந்து, தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்து மடிப்பில் இருக்குமே அந்தப் புளித்த பால் வாசனை, மெல்ல வந்தது. அவன் அப்படியே கிடந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அலைபேசி அடித்தது.

“முடிச்சிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“பூச வேண்டியதுதான் பாக்கி.”

“கறை தெரியாதுல்ல?”

“தெரியாதும்மா.”

“நீங்க சொல்றதை நம்பித்தான் வர்றேன்.”

ஷட்டரைத் தூக்கினான். மணி நான்கேகால். பெயின்டையும் அதை இறுக வைக்கும் திரவத்தையும் கலந்தான். கலந்துவிட்டால் நாற்பது நிமிடம்தான், அதற்குள் பூசி முடித்தாக வேண்டும். தாளை உரித்து எறிந்துவிட்டு, உள்சுவரில் தொடங்கி, வாசலை நோக்கிப் பின்வாங்கியபடியே ரோலரை உருட்டினான். சாம்பல் நிறம் வழவழவென்று படர்ந்தது.

நடு இடம் வந்தது.

ரோலர் கடந்து போனதும் பெயின்ட் கொப்புளமாக எழும்பியது. அடங்கியது. எழும்பியது. இப்போதே துணியால் துடைத்து எடுத்துவிடலாம். எடுத்தால் கறை தெரியும். அவள் திரும்பிப் போய்விடுவாள். இனி வரவே மாட்டாள்.

அவன் மேலே இன்னொரு முறை உருட்டினான்.

கொப்புளம் வேகமாக எழும்பியது. உதடு சப்பும் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டான். மூன்றாம் முறை, அழுத்தி.

வாசலுக்கு வெளியே வந்து அவன் ரோலரை வைக்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இறங்கிய மனைவி இளைத்துப்போயிருந்தாள். வெகுநேரம் தரையையே பார்த்தாள்.

“எங்க இருந்துச்சுன்னே தெரியலங்க,” என்றாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் தோளில் முகத்தைப் புதைத்து, எட்டு மாதத்து அழுகையையும் அழுதாள். அவன் அவள் தலைக்கு மேலாகத் தரையைப் பார்த்தான்.

கொப்புளம் எழும்பவில்லை. உள்ளே இழுபட்டிருந்தது, சின்ன வாயளவுக்கு. அதன் இரண்டு பக்கமும் பெயின்ட் ஐந்தைந்து முனைகளாக மேலே துருத்தியது. போர்வைக்கு அடியிலிருந்து தள்ளுவது போல. தள்ளியது. மெதுவாக. இன்னும் மெதுவாக.

பெயின்ட் கிழியவில்லை. இறுகத் தொடங்கியிருந்தது.