இடது கதவைத் தொடாதே!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

ஞாயிற்றுக்கிழமை காலை. காஜா பெராங் சாலை இன்னும் சோம்பல் முறிக்கவில்லை. அதற்குள் அந்த டாக்சி கம்பெனியின் டெலிபோன் அலறியது.

பாதி குடித்த காப்பியோடு ரிசீவரை எடுத்தாள் விஜயா.

"ஹலோ... விஜயா டாக்சி!"

மறுமுனையில் வெறும் மூச்சுச் சத்தம். பிறகு, துணியால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல ஒரு கரகரத்த குரல்.

"அந்தச் சிவப்புக் காரு ராசியில்லாதது. இன்னைக்கு எடுக்காதே. கிடைச்ச விலைக்குத் தள்ளி விட்டுடு!"

"யாரு பேசுறது?"

"உன் உயிர் மேல அக்கறை உள்ளவன்."

"அக்கறை உள்ளவன் பேரைச் சொல்லிட்டுப் பேசுவான். போனை வையி!"

டொக்!

வைத்துவிட்டாள். ஆனால் சாசரில் காப்பி சிந்தியிருந்தது.

விஜயாவுக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா கண்ணை மூடியபோது நாலு டாக்சியை விட்டுவிட்டுப் போனார். 'பொம்பளையால முடியுமா?' என்று கேட்ட டிரைவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவளே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மலாக்கா ஊரே வேடிக்கை பார்த்தது. இப்போது அதே டிரைவர்கள் அவளிடம் வேலை கேட்டு வருகிறார்கள்.

நாடு போன வருஷம்தான் சுதந்திரம் அடைந்திருந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கிளம்பிய ஒரு தோட்டத்துரையிடம் போன வாரம் அவள் வாங்கியதுதான் அந்தச் சிவப்பு எம்.ஜி. கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார்!

அதை இன்று முதல் தடவையாகப் பந்தயப் பாதையில் விட்டுப் பார்க்கப் போகிறாள்.

ஒரு கரகரத்த குரலுக்குப் பயந்து வீட்டில் உட்காருவதா?

சாவியை எடுத்தாள்.

பத்து பெரெண்டாம் விமான ஓடுதளம். விமானம் வராத காலை வேளையில் மோட்டார் கிளப்காரர்கள் அதை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கேட் பக்கம் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம்; அதில் இன்ஸ்பெக்டர் தேவதாஸும் இருந்தார்.

கொடி இறங்கியது.

ர்ர்ர்ரூம்...!

சிவப்புக் கார் பாய்ந்தது. காற்று கன்னத்தில் அறைந்தது. தலையில் கட்டியிருந்த துணி பிய்த்துக்கொண்டு பறந்தது. எழுபது... எண்பது... தொண்ணூறு மைல்! ஓடுதளத்தின் கோடியில் பிரேக்கை அழுத்தினாள். கார் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது.

திரும்பி வந்தபோது அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அலாமாக்! தங்கச்சி, நீங்க ஓட்டினீங்களா, பறந்தீங்களா?" என்று ஓடி வந்தார் அலி அக்பர். காஜா பெராங்கில் அவள் டாக்சிகளைப் பார்க்கும் வொர்க்‌ஷாப் அவருடையது.

"இன்னும் பறக்கணும், பாய். பின் ஸ்பிரிங் தொளதொளன்னு இருக்கு. கெட்டியா மாத்துங்க. முன் கண்ணாடியைத் தூக்கிட்டுச் சின்னதா ஒண்ணு போதும். அப்புறம் எடையைக் குறைக்கணும்."

"எப்படி?"

"பக்கத்து சீட்டு, தரை விரிப்பு, கதவுக்குள்ள இருக்கிற அட்டை... எல்லாத்தையும் நாளைக்கே கழற்றிடுங்க. வெறும் கூடு போதும்!"

"ஐயோ, விஜயா! வேணாம்!"

பதறியது தம்பிராஜா. பக்கத்து ஊரான செங்கில் ரப்பர் வியாபாரம். கிளப்பில் அவளுக்குப் போட்டி. இந்தக் காரைக் கேட்டுத் துரையின் வாசலில் தவம் கிடந்து ஏமாந்தவன்.

"அழகான காரை ஏன் பாழாக்குறே? எனக்குக் கொடுத்துடேன்."

"இன்னொரு தடவை கேட்டா உங்க கார்ச் சக்கரத்துல காத்தைப் பிடுங்கிடுவேன், ராஜாண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள். குடையும் வெள்ளைக் கால்சட்டையுமாய்ச் சற்றுத் தள்ளி நின்ற கலியாணசுந்தரமும் சிரித்தார். துரையின் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர் அவர். கார் கை மாறியபோது காகித வேலை முழுவதையும் பார்த்துக் கொடுத்தவர்.

"துரை இருந்தா ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பாரும்மா" என்றார் பணிவாக.

தேநீர் வந்தது. தம்பிராஜா முன் சக்கரத்தருகே குந்தி டயரைத் தடவிப் பார்த்தான். கிராணியார் கையிலிருந்து குடை நழுவிக் காருக்கடியில் உருண்டது. மனிதர் தரையில் படுத்து அதை எடுத்தார்.

இரண்டாவது ஓட்டம்!

எழுபது... எண்பது... தொண்ணூறு...!

ஓடுதளத்தின் கோடி நெருங்கியது. பிரேக்கை அழுத்தினாள்.

பெடல்... சதக்கென்று தரை வரை போனது!

பிரேக் இல்லை!

"முருகா...!"

கியரை இழுத்துக் குறைத்தாள். என்ஜின் ஓலமிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கார் வால் ஆட்டியபடி ஓடுதளத்தைத் தாண்டி லாலாங் புல்லுக்குள் பாய்ந்தது. பெரிய சாக்கடைக்கு ஒரு முழம் முன்னால்...

நின்றது!

அலி அக்பரின் பழைய லாரி தடதடத்து வந்தது. கூடவே தம்பிராஜாவும் கிராணியாரும் தொற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

அலி அக்பர் காருக்கடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"தங்கச்சி... பிரேக் குழாயைக் கத்தியால பாதி அறுத்து விட்டிருக்கான். பலமா மிதிச்சதும் பிஞ்சிருக்கு."

"யாரு?" தம்பிராஜா அலறினான்.

விஜயா அவனையே பார்த்தாள்.

"டயர்கிட்ட குந்தினது நீங்கதானே, ராஜாண்ணே?"

"விஜயா! என்னைப் போயா...?"

"முதல் ஓட்டத்துல பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல நான் என்ன செஞ்சேன்? காரைக் கழற்றப் போறேன்னு சொன்னேன். அவ்வளவுதான்! அது யாருக்கோ பிடிக்கல. காலையில போன் வேற... காரை வித்துடுன்னு. பாய், ஸ்குரூ டிரைவரை எடுங்க. இப்பவே கழற்றுவோம்!"

"இங்கயா?"

"இங்கதான்!"

அலி அக்பர் இடது பக்கக் கதவில் ஆரம்பித்தார். முதலில் கதவின் பூட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு உள் அட்டையைப் பெயர்த்தார்.

பொத்!

அழுக்குத் துணி மூட்டை ஒன்று விழுந்து அவிழ்ந்தது. உள்ளே...

சங்கிலி! வளையல்! அட்டிகை! வெயிலில் தங்கம் தகதகத்தது!

"இ... இது அந்த அடகுக்கடை நகை!" தம்பிராஜாவுக்கு நாக்கு குழறியது. "போன மாசம் வாட்ச்மேனைச் சுட்டுக் கொன்னுட்டு அள்ளிட்டுப் போனாங்களே...!"

"எல்லாரும் கையைத் தூக்குங்க!"

பணிவெல்லாம் வடிந்துபோன குரல்.

திரும்பினார்கள்.

கலியாணசுந்தரத்தின் கையில் ரிவால்வர்!

"கிராணி ஐயா... நீங்களா?"

"நான்தான்! ரோட் பிளாக்குல போலீஸ்காரன் எல்லாக் காரையும் சோதிப்பான். துரை காரைத் தொட மாட்டான். அதுல சிங்கப்பூர் வரைக்கும் பத்திரமாப் போயிருக்க வேண்டிய சரக்கு! அந்த மடையன் திடீர்னு காரை வித்துட்டுக் கப்பல் ஏறிட்டான். உங்க ஷெட்டுல ரெண்டு பூட்டு, ஒரு நாய்! போன்ல நல்லவிதமா சொன்னேன். கேட்டீங்களா? கதவைக் கழற்றுறேன்னு சொன்னதும்தான் பிரேக்கை அறுத்தேன்; கார் நொறுங்கினா காயலான் விலைக்கு நானே வாங்கியிருப்பேன்!"

மூட்டையை அள்ளிக்கொண்டு இடது சீட்டில் ஏறினார். கதவை இழுத்துச் சாத்தினார்.

"ஏறுங்க! காரை எடுங்க!"

"லாரியை எடுத்துக்கிட்டுப் போங்களேன்" என்றார் அலி அக்பர் நடுங்கியபடி.

"அந்த லாரியில தப்பிச்சா சைக்கிள்காரன்கூடப் பிடிச்சிடுவான்! ம்... ஏறு!"

ரிவால்வர் முனை விஜயாவின் பக்கம் திரும்பியது. ஏறினாள்.

"பிரேக் இல்லையே..."

"கியரைப் போட்டு நிறுத்தினே இல்ல? அப்படியே ஓட்டு. கேட்டைத் தாண்டி ஜொகூர் போற சடக்கைப் பிடி!"

'எனக்கு ஓட்டத் தெரியாது' என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்திருந்தால் அவள் இந்நேரம் புல்லில் பிணமாகக் கிடந்திருப்பாள். கேட்டைத் தாண்டி, ஆளில்லாத சாலைக்குப் போனதும் தன் கதி என்ன என்பதும் அவளுக்குப் புரிந்தது.

ஸ்டியரிங்கில் விரல்கள் வழுக்கின.

பூட்டு பாயின் சட்டைப் பையில்... கதவு சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது...!

காரைப் புல்லிலிருந்து பின்னால் எடுத்து, வந்த வழியே ஓடுதளத்தில் திருப்பினாள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

ஐம்பது... அறுபது...!

எதிரே கூட்டம் சிதறி ஓடியது.

"மெதுவா! ஏய், மெதுவாப் போ! கேட்டு வருது!"

"பிரேக் பிடிக்கணுமா, கிராணி ஐயா? அதை அறுத்தவனைக் கேளுங்க!"

எழுபது!

"சுட்டுடுவேன்!"

"சுடுங்க! அப்புறம் நீங்க ஓட்டுங்க!"

ஒரே ஒரு விநாடி அவர் விழித்தார்.

அது போதும்! ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். ஹேண்ட் பிரேக்கை முழுப் பலத்தோடு இழுத்தாள்!

கிரீ...ச்ச்ச்!

கார் பம்பரமாகச் சுழன்றது. இடது கதவு படாரென்று விரிந்தது.

"ஆ...!"

டுமீல்! குண்டு வானத்துக்குப் போனது. நகை மூட்டை ஒரு பக்கம், ரிவால்வர் ஒரு பக்கம், கிராணியார் ஒரு பக்கம்!

புகை அடங்கியது. விஜயா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

கூட்டத்திலிருந்து இன்ஸ்பெக்டர் தேவதாஸ் ஓடி வந்து, கால் முறிந்து கிடந்த கலியாணசுந்தரத்தின் கையில் விலங்கை மாட்டினார்.

மூச்சிரைக்க ஓடி வந்து நின்றான் தம்பிராஜா.

"உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன், ராஜாண்ணே. மன்னிச்சிடுங்க."

"அது கிடக்கு, நீ பிழைச்சியே!" என்றான் அவன் கண்ணைத் துடைத்தபடி.

விஜயா எழுந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை! "பாய், குழாயை மாத்திட்டா நாளைக்கே..."

"மன்னிக்கணும், மேடம்" என்று குறுக்கிட்டார் தேவதாஸ். "கொலை கேஸ். நகை இருந்த கார், தடயம். வழக்கு முடியற வரைக்கும் இது ஸ்டேஷனை விட்டு நகரக் கூடாது."

"என்னது? திருடனைப் பிடிச்சுக் கொடுத்தது நான்... உள்ளே போறது என் காரா?"

"சட்டம், மேடம்!"

விஜயா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"சரி. உள்ளே இருக்கிறவங்களுக்கு வெளியிலேருந்து சாப்பாடு கொண்டு வரலாம்தானே?"

"வரலாம்... யாருக்கு?"

"சாயங்காலம் வர்றேன். அவளுக்கு ரெண்டு கேலன் பெட்ரோல்!"